ஆற்றோடு ஏறுதல்: சேர்வராயன் மலையிலிருந்து தார்சர் ஏரி வரை

இமயமலையில் நடக்க வேண்டும் என்று சேலத்தில் யார் வந்து கேட்டாலும், முதல் பயணத்துக்குக் கணவாய் வேண்டாம், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். கணவாய் என்றால் ஒரு பக்கம் ஏறி, உச்சியைக் கடந்து, மறுபக்கம் இறங்கியாக வேண்டும். நடுவழியில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முன்னால் இருப்பது ஏற்றம், பின்னால் இருப்பது தொலைவு. ஆற்றங்கரைப் பாதையில் அந்த நெருக்கடி இல்லை. தண்ணீர் இறங்கி வந்த வழியிலேயே நாம் ஏறுகிறோம். எந்த இடத்தில் நின்றாலும் திரும்பி நடந்தால் அது இறக்கம்தான். பள்ளத்தாக்கு நம்மைச் சிறிது சிறிதாகத்தான் உயரத்துக்குக் கொண்டுபோகும். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்தச் சிறிது சிறிதுதான் தேவை. 2022 ஆகஸ்ட் கடைசியில் காஷ்மீரின் லித்தர் பள்ளத்தாக்கு வழியாகத் தார்சர், மார்சர் ஏரிகளுக்கு முதுகுப்பையோடு நடந்துவிட்டு வந்தபின் இந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

லித்தர் ஆற்றுக்கு இரண்டு கிளைகள். சேஷ்நாக் ஏரிப் பக்கமிருந்து வருவது கிழக்கு லித்தர்; பஹல்காம் வழியாக அமர்நாத் யாத்திரை போகிறவர்கள் அதன் கரையோரமாகத்தான் ஏறுகிறார்கள். கோலஹோய் பனியாற்றிலிருந்து புறப்படுவது மேற்கு லித்தர். இரண்டும் பஹல்காமில் கூடி, தெற்கே ஓடி, அனந்தநாக் அருகே ஜீலத்தில் சேர்கின்றன. நாங்கள் நடந்தது மேற்குக் கிளையின் கரையில். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலுள்ள ஆரு கிராமத்தில் சாலை முடிந்து பாதை தொடங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 2,750 மீட்டரில் லித்தர்வாட், 3,350 மீட்டர் அளவில் ஷேக்வாஸ், 3,800 மீட்டர் அளவில் தார்சர் ஏரி. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் 1,400 மீட்டர் ஏற்றம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற ஏற்றத்தோடு ஒப்பிட்டால் லித்தர் பாதையைக் கடினம் என்றே சொல்ல முடியாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மலைகளின் பிறப்பில் இருக்கிறது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து, மேலே மேடும் பள்ளமுமான பீடபூமியாக விரிந்துவிடும். ஆகவே ஏற்றம் முழுவதும் ஓரத்திலேயே குவிந்திருக்கிறது, ஓடைகளும் அந்த ஓரத்தில் அருவியாய் விழுகின்றன. லித்தர் பள்ளத்தாக்கையோ பனியாறுகள் அறுத்திருக்கின்றன. பனியாறு போன தடத்தில் தரை ஒரே சாய்வாக இருக்காது. பனி தடித்திருந்த இடத்தில், பாறை இளகியிருந்த இடத்தில் ஆழமாகத் தோண்டியிருக்கும், அடுத்த இடத்தில் விட்டுவைத்திருக்கும். பனி பின்வாங்கியபின் அது படிக்கட்டாகக் காட்சி தருகிறது: ஓர் அகன்ற சமவெளி, பிறகு ஒரு செங்குத்து, மீண்டும் ஒரு சமவெளி. ஆரு, லித்தர்வாட், ஷேக்வாஸ் என்று நாங்கள் தங்கிய புல்வெளிகள் எல்லாம் அந்தப் படிகள்தாம். நடப்பவர் அரை நாள் சமதளத்தில் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் ஏறி, அடுத்த படியில் போய்த் தங்குகிறார். உயரத்துக்கு உடல் பழக மருத்துவர்கள் சொல்லும் ஒழுங்கும் ஏறக்குறைய இதுவே.

எங்கள் பயிற்சி முழுவதும் ஏற்காட்டில்தான் நடந்தது. அம்மாப்பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், என் சித்தி மகன், நான் என்று மூன்று பேர். விடியற்காலையில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வாகனங்கள் பெருகுவதற்கு முன் வளைவுகளில் ஏறிவிடுவோம். சாலையில் கூட்டம் இருக்கும் என்று தெரிந்த விடுமுறை நாட்களில் குப்பனூர் வழியைப் பிடிப்போம், அந்தச் சாலையில் வாகனங்கள் குறைவு. "ஏங்கண்ணு, நம்ம ஏற்காட்டுலயே ஏரி இருக்கறப்ப அத்தனை தூரம் போயிப் பாக்கணுமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பத் தவறவில்லை.

பையின் எடைக்கு நாங்கள் தண்ணீரைத்தான் பயன்படுத்தினோம். இரண்டு லிட்டர் பாட்டில்களை நிரப்பிப் பையில் அடுக்கினால் எத்தனை கிலோ வேண்டுமோ அத்தனை கிலோ கிடைக்கும். மேலே போனதும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். ஏறும்போது சுமை தொடைத் தசையை வலுப்படுத்துகிறது, இறங்கும்போது அதே சுமை முழங்காலைத் தேய்க்கிறது. முதல் மாதங்களில் இறக்கத்திலும் சுமக்க வேண்டியதில்லை. பயணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டால் போதும். இறங்குவது எப்படி என்பதை மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டங்களில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர்கள் எட்டி அடி வைப்பதே இல்லை. செங்குத்தான இடத்தில் உடம்பை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கியபடியே, குறுக்கடியாக வைத்து இறங்குகிறார்கள். குதிகால் முதலில் மோதுவதில்லை, பாதம் முழுவதும் ஒன்றாகப் படிகிறது. ஷேக்வாஸுக்கு மேல் கற்குவியல்களில் இறங்கியபோது இந்த நடைதான் என்னைக் காப்பாற்றியது.

ஆனால் சேர்வராயன் மலை காலையும் தோளையும் பழக்கும், மூச்சைப் பழக்காது. இதைச் சேலத்து நண்பர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே ஏறத்தாழ 1,620 மீட்டர்தான். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 விழுக்காடு. தார்சர் ஏரிக்கரையில் அது 63 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றே. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வந்து சேரும் அளவு குறைகிறது. வாரந்தோறும் ஏற்காடு ஏறியவர், மாரத்தான் ஓடுபவர், ஒரு நாளும் நடக்காதவர் யாராக இருந்தாலும் 3,000 மீட்டருக்கு மேல் தலைவலி வரலாம். உடல்தகுதிக்கும் உயர நோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தகுதி உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கு ஆபத்து கூடுவதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு ஒருமுறை கூடுதலாக ஓர் இரவு தங்குவதும் பொதுவான நெறி. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு. ஆரு, லித்தர்வாட், ஷேக்வாஸ், தார்சர் என்ற வரிசையின் உயரங்களை மறுபடி பாருங்கள்: அந்த நெறியைத் தரையே ஏறக்குறைய வகுத்துக் கொடுத்திருப்பது விளங்கும்.

உயரம் சமையலையும் மாற்றிவிடுகிறது. தார்சரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் எரியவிட்டாலும் அதற்கு மேல் சூடேறாது. துவரம்பருப்பு வேகாது, பச்சரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும், எரிவாயு வீணாகும். நாங்கள் எடுத்துப்போனதில் மிகவும் உதவியது நம்மூர் ஜவ்வரிசி. மரவள்ளி மாவுச்சத்து எழுபது டிகிரி அளவிலேயே இளகிக் குழைந்துவிடும். நைலான் ஜவ்வரிசியைக் காலையில் ஒரு டப்பாவில் ஊறப்போட்டுப் பைக்குள் வைத்துவிட்டால், மாலையில் கூடாரமடித்தபின் ஐந்தாறு நிமிடத்தில் கண்ணாடிபோல் வெந்து கஞ்சியாகிவிடுகிறது. அதில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெல்லத்தைப் போட்டால் பசியும் அடங்கியது, குளிரும் தணிந்தது. பசியே எடுக்காத உயரத்தில் மென்று விழுங்க வேண்டாத உணவு பெரிய வசதி. அவலும், வறுத்த ரவையும், பருப்புப் பொடியும், தட்டுவடையும் கொண்டுபோனோம். கியாஸ் குப்பியை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை மட்டும் ஸ்ரீநகரில் வாங்கினோம்.

போன வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை ஓடும் ஹிம்சாகர் விரைவு வண்டி சேலம் வழியாகப் போகிறது. ஏறிப் படுத்தால் ஜம்முவில் இறங்கலாம். அங்கிருந்து பனிஹால் சுரங்கப்பாதை வழியாகப் பள்ளத்தாக்குக்குள் சாலைப் பயணம். வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இருந்தால்தான் பேச முடியும். ஆருவைத் தாண்டினால் எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இதை வீட்டில் முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இங்கே இருப்பவர்களுக்குச் சோறு இறங்காது. யாத்திரை முடிந்துவிட்டதால் பஹல்காமில் நெரிசல் இல்லை.

ஆருவிலிருந்து புறப்பட்ட பாதை முதலில் ஒரு மேட்டில் ஏறி ஆற்றை விட்டு விலகுகிறது. தண்ணீரின் ஓசை கீழே கேட்டுக்கொண்டே இருக்கும், ஆறு கண்ணில் படாது. நீலப் பைன் மரங்களும் ஊசியிலை ஃபிர் மரங்களும் இரு பக்கமும் உயர்ந்து நிற்க, நடுவில் குதிரைகள் மிதித்துப் பொடியாக்கிய மண்பாதை. வழியில் மரக்கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைப் பரப்பி, அதில் புல் முளைத்த, கால்நடை மேய்க்கும் குஜ்ஜர் மக்களின் குடியிருப்புகள் வருகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அது வீடு என்றே தோன்றாது. புகை எழும்பினால்தான் தெரியும். அதன்பின் காடு சட்டென்று விலகி, ஆறு பக்கத்திலேயே வந்துவிடுகிறது, லித்தர்வாட் வரை கூடவே வருகிறது. எங்களில் யாருக்கும் அன்று மூச்சிரைப்பு இல்லை. பவர்லூம் அண்ணன் பையை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று அவர் ஏற்காட்டிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

லித்தர்வாட்டில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு தண்ணீர்கள் கலக்கும் இடத்தை. வடக்கே கோலஹோயிலிருந்து வரும் நீர் சாம்பல் கலந்த பால் நிறத்தில் இருந்தது. பனியாறு பாறையை அரைத்த தூள் அதில் மிதக்கிறது. ஒரு டம்ளரில் மொண்டு வைத்தால் அடியில் மாவாகப் படியும் அளவுக்கு நுண்ணிய தூள். மேற்கே தார்சரிலிருந்து வரும் ஓடையோ அடியிலுள்ள கூழாங்கல் தெரியும்படி தெளிந்திருந்தது. ஏரியில் தங்கிப் படிந்து, மேல்நீர் மட்டும் வழிந்து வருவதால் அந்தத் தெளிவு. இரண்டும் சேர்ந்தபிறகும் கொஞ்ச தூரம் வரை ஒரு பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் தெளிவாகவும் ஓடி, பாறைகளில் மோதித்தான் ஒரு நிறமாயின. வரைபடத்தைப் பார்க்காமலேயே எந்தத் தண்ணீர் பனியாற்றிலிருந்து வருகிறது, எது ஏரியிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். வாகனத்தில் போய் ஏரிக்கரையில் இறங்குகிறவருக்கு இது கிடைக்காது. ஆற்றோடு ஏறுகிறவர் ஏரியைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதன் தண்ணீரைக் குடித்துவிடுகிறார். கோலஹோய் சிகரம் 5,425 மீட்டர். 1912இல் எர்னஸ்ட் நீவும் கென்னத் மேசனும் அதில் முதன்முதலாக ஏறினார்கள். எங்கள் வழி அந்தப் பக்கமில்லை, தெளிந்த தண்ணீரின் பக்கம்.

லித்தர்வாட்டுக்கு மேல் மரங்கள் குட்டையாகி, வெள்ளைப் பட்டை உரியும் பூர்ஜ மரங்கள் வருகின்றன. காகிதம் வருவதற்கு முன் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் சுவடி எழுதிய பட்டை இதுதான்; நமக்குப் பனையோலை எப்படியோ அவர்களுக்கு இது. பட்டையைத் தொட்டுப் பார்த்தால் பல அடுக்குகளாக, ஈரமில்லாமல், மெழுகு தடவியதுபோல் இருக்கிறது. உயிருள்ள மரத்திலிருந்து அதை உரிக்கக் கூடாது; நினைவுக்காக உரித்துப்போகிறவர்கள் விட்ட வடுக்கள் பாதையோர மரங்களில் நிறைய இருக்கின்றன. பூர்ஜமும் முடிந்தபின் புல் மட்டுமே.

ஷேக்வாஸ் போய்ச் சேர்ந்த மாலையில் சித்தி மகனுக்குத் தலைவலி தொடங்கியது. முதலில் அவன் சொல்லவில்லை. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் எங்களிடம் இருந்தது. ஆனால் அந்த எண்ணைவிட, அவன் பேச்சு குறைந்துபோனதும் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனியும்போது முகம் சுளித்ததும்தான் தெளிவான அறிகுறிகள். "ஒண்ணுமில்லக்கா, தூங்குனா சரியாப் போயிரும், நாளைக்கு ஏரியப் பாத்தரலாம்" என்றான். பவர்லூம் அண்ணன் கேட்கவே இல்லை. "இங்க யாருகிட்டயும் கெடு சொல்லிட்டு வரல தம்பி. வெளிச்சம் இருக்கறப்பவே எந்திரி, இறங்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்.

தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாடுதல், ஓய்விலும் மூச்சுத் திணறல் என்று எது சேர்ந்தாலும் காத்திருக்கவே கூடாது. மூளையில் நீர் கோத்தாலும் நுரையீரலில் நீர் கோத்தாலும் சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அவனுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அது வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன அவசியம்? வந்த பாதை தெரிந்த பாதை, முழுக்க இறக்கம், வழியில் கடினமான இடம் ஒன்றும் இல்லை. அவன் பையில் இருந்தவற்றை நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டு லித்தர்வாட்டுக்கு இறங்கினோம். ஏறக்குறைய 600 மீட்டர் இறங்கியதற்கே பலன் கிடைத்தது. காலையில் எழுந்து அவனே அடுப்பைப் பற்றவைத்து, அவலை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி ஏறியபோது அதே ஷேக்வாஸில் அவனுக்குத் தலை கனக்கவே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளத்தாக்குப் பாதையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஒரு கணவாய்ப் பயணத்தின் நடுவில், குழுவும் சமையலும் குதிரைகளும் மறுபக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு பையனுக்காக வந்த வழியே திரும்பும் முடிவை எடுப்பது அத்தனை எளிதல்ல. லித்தரில் அந்த முடிவுக்கு எங்களுக்குச் செலவானது கொஞ்சம் அவலும் ஜவ்வரிசியும்தான்.

ஷேக்வாஸுக்கு மேல் ஓடைகளைக் கடக்க வேண்டும். சேர்வராயன் மலையில் ஓடையைக் கடக்கலாமா என்பதை வானத்தைப் பார்த்துத் தீர்மானிப்போம்: மேலே மழை பெய்தால் வெள்ளம், நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். உருகுநீர் ஓடைக்குப் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் நீர் உயர்ந்து, மாலையில் உச்சத்தைத் தொட்டு, இரவுக் குளிரில் உருகல் நின்று, விடியலில் மிகவும் குறைந்திருக்கும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை மாலையில் முழங்காலுக்கு வந்துவிடும். ஆகவே இருட்டு பிரிந்ததும் புறப்பட்டோம். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, தடியை நீர் வரும் திசையில் ஊன்றி, அந்தத் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும். கால் வழுக்கினால் பையை உதறிவிட்டு எழுந்துகொள்ள முடியும். பட்டை பூட்டியிருந்தால் பை ஆளை மூழ்கடித்துவிடும்.

ஒரு பக்கர்வால் குடும்பம் அதே ஓடையைத் தங்கள் வெள்ளாடுகளோடு கடந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தை ஜம்முவின் தாழ்ந்த மலைகளில் கழித்து, கோடையில் இந்தப் புல்வெளிகளுக்கு வரும் இடையர்கள் அவர்கள். 1991இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பத்து வயது இருக்கும் ஒரு சிறுமி, கழுத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கொண்டு, எங்களைப் போலப் பட்டையும் தடியும் இல்லாமல் கல்லுக்குக் கல் தாவிப் போய்விட்டாள். அவளுடைய பாட்டி எங்களுக்கு உப்புப் போட்ட பால்தேநீர் கொடுத்தார். இந்தி அறிந்த தம்பி பேசினான். ஆகஸ்டு முடிந்தால் கீழே இறங்கத் தொடங்கிவிடுவார்களாம். முன்பு இதே நாட்களில் மேலே இன்னும் பனித்திட்டுகள் நிறைய இருக்கும் என்று அவர் மலைமுகட்டைக் கைகாட்டினார். அங்கே பாறைதான் தெரிந்தது.

தார்சர் கடைசி மேட்டைத் தாண்டும்வரை கண்ணுக்குத் தெரியாது. மேட்டில் நின்றால் கீழே முழு ஏரியும் ஒரே சமயத்தில் தெரிந்துவிடுகிறது. மூன்று பக்கமும் பாறைச் சுவர், நாங்கள் வந்த பக்கம் மட்டும் திறப்பு, அந்தத் திறப்பின் வழியே ஓடை வழிகிறது. பனி தேங்கித் தேங்கிச் சுழன்று மலையின் மடியைக் குடைந்தெடுத்த குழிதான் இது. பனி போனபின் நீர் தேங்கியிருக்கிறது. கரையோரத்தில் நீருக்கு நிறமே இல்லை, கல் கல்லாகத் தெரிகிறது. ஓர் ஆள் ஆழத்தில் பச்சை, அதற்கப்பால் அடர்ந்த நீலம். முகத்தைக் கழுவலாம் என்று இரு கைகளையும் உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை எரிச்சலும் பிறகு வலியும் ஏற, வெளியே எடுத்தபின்பும் விரல்களை மடக்கச் சிறிது நேரம் ஆயிற்று. நீரடியில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தான் தம்பி. அடிப்பக்கத்தில் மணல்துகள்களை ஒட்டவைத்துச் செய்த சின்னஞ்சிறு குழல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. அந்தக் குளிரிலும் அவை வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. கல்லை இருந்தபடியே வைக்கச் சொன்னேன்.

மறுநாள் முகடேறிச் சுந்தர்சர் என்ற ஏரியின் வழியாக மார்சர் ஏரியைப் பார்க்கப் போனோம். மார்சர் பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் அரைமணி நேரம் வெள்ளைதான் தெரிந்தது. பிறகு காற்று மாறி, கீழே ஆழத்தில் கறுத்த நீர் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. நான் அங்கே நின்று பார்க்க விரும்பியது ஏரியைக் காட்டிலும் அந்த முகட்டைத்தான். முகட்டின் ஒரு பக்கம் விழும் மழைத்துளி தார்சருக்குள் இறங்கி, லித்தராகி, அனந்தநாக்கில் ஜீலத்தைச் சேர்ந்து ஸ்ரீநகருக்குள் நுழைகிறது. ஓரடி தள்ளி விழுந்த துளி மார்சருக்குள் இறங்கி, டாச்சிகாம் காட்டின் வழியாக ஓடி, தால் ஏரிக்குப் போகிறது. படகுவீடுகளும் மிதக்கும் காய்கறித் தோட்டங்களும் இருக்கும் தால் ஏரியில் வந்து சேரும் நீரில் ஒரு பங்கு, மனித நடமாட்டமே அரிதான இந்தக் குழியிலிருந்து புறப்பட்டது.

சேலத்துக்காரருக்கு இதைப் பார்க்கும்போது நம் திருமணிமுத்தாறு நினைவுக்கு வராமல் இருக்காது. அதுவும் சேர்வராயன் மலையில் தெளிந்த நீராகத்தான் பிறக்கிறது. நகரத்துக்குள் வந்து சாக்கடையையும் சாயக்கழிவையும் ஏற்றுக்கொண்டு கறுத்துக் காவிரிக்குப் போகிறது. ஏற்காட்டு ஏரியின் உபரிநீர் விழுகிற கிளியூர் அருவிக்கு இறங்கும் வழியில் பாட்டில்களையும் தட்டுகளையும் பொறுக்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆற்றின் தலைமாட்டில் நடப்பதில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதை இந்த மலையடிவாரத்தில் வாழ்கிற நாம் வேறு யாரையும்விட நன்றாக அறிவோம். தார்சரின் கரையிலேயே கூடாரமடித்து, கரையிலேயே பாத்திரம் கழுவி, கல்மறைவில் காகிதத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். இது எனக்குத் தாங்கமாட்டாத கோபத்தைத் தருகிறது. நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் விலகித் தங்க வேண்டும். மலம் கழிக்கவும் அதே தூரம் போய், ஒரு சாண் குழி தோண்டி மூட வேண்டும். பாத்திரத்தைச் சோப்பில்லாமல் மண்ணால் தேய்த்து, கழுவிய நீரைப் புல்லில் ஊற்ற வேண்டும். காகிதம் உட்பட எல்லாக் குப்பையும் பையில் திரும்பி வர வேண்டும். அந்தக் குளிரில் எதுவும் எளிதில் மக்காது. கீழே எத்தனையோ ஊர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன.

இன்று லித்தருக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு மேலே பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த மாலையில் எங்கள் மூவருக்கும் பேச்சே வரவில்லை. எங்களுக்குத் தேநீர் கொடுத்தவர்கள், குதிரை வைத்துப் பிழைப்பவர்கள், ஆருவில் அறை தந்தவர்கள் எல்லோருடைய முகமும் கண்முன் வந்தது. அதன்பின் காஷ்மீரில் பல இடங்கள் மூடப்பட்டன, சில படிப்படியாகத் திறக்கப்பட்டன. இந்தப் பருவத்தில் எந்தப் பாதைக்கு அனுமதி இருக்கிறது என்பதை அரசின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்யாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்பவும் வேண்டாம், என்னுடையது உட்பட.

அங்கே போக முடியாதவர்களுக்கு நான் சொல்லும் இடம் இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் குண்டம். மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கில், தூந்தி என்ற இடத்திலிருந்து பியாஸ் ஆற்றின் கரையோரமாகவே பகர்தாச் புல்வெளிக்கு ஏறி, ஏறத்தாழ 3,700 மீட்டரில் ஆறு பிறக்கும் குளத்தை அடையலாம். தூரம் லித்தரைவிடக் குறைவு, ஆகவே ஏற்றம் கொஞ்சம் விரைவு. மணாலியில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிவிட்டுப் போவது நல்லது. எங்கள் அடுத்த பயணமும் அதுதான். பவர்லூம் அண்ணன் இப்போதே குப்பனூர் சாலையில் ஞாயிறுதோறும் ஏறத் தொடங்கிவிட்டார், பையில் தண்ணீர் பாட்டில்களோடு.